ங

அகராதியில் ஒரு பக்கம்கூட நிரம்பாத எழுத்து.
என் பட்டறையில் தினமும் அதற்கு வேலை.

தவசீலன் வந்தான்.
ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல்
இரண்டு கையையும் நீட்டி, உதட்டை மூடி, மூக்கால்
ங்ங்ங்ங் என்றான்.
நாற்பதில் ஆரம்பிக்கும், ஐம்பதில் ஏறும்,
அறுபதை அவன் பார்த்து மூன்று மாசம்.
பிரேக் மிதித்தால் தனியாக ஒரு கிறீச்.
அதைச் சொல்லிக் காட்டியபோது
எதிர் டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"கிரௌன் போயிடுச்சுண்ணே" என்று முடித்தான்.
நோயோடு அதன் பெயரையும் கொண்டுவருகிறவர்களிடம்
நான் அதிகம் பேசுவதில்லை.

வெறும் வண்டியை மன்னார்குடி ரோட்டில் விட்டோம்.
பின்னால் பாடியில் குப்புறப் படுத்து
பலகையில் காதை வைத்துக்கொண்டு போனேன்.
சிந்திய நெல் கன்னத்தில் குத்தியது.
பின்கதவுச் சங்கிலி பேசியது,
டூல்ஸ் பெட்டி பேசியது,
ஆக்ஸில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் இருநூற்றைம்பது மூட்டை ஏற்றினார்கள்.
ஈரம் பதினேழு என்று சீட்டில் இருந்தது.
சாக்குக்குள் கையை விட்டால் அது வேறு கணக்கு.
இந்த முறை கேபினில் உட்கார்ந்தேன்.
சொன்னது சொன்னபடி,
நாற்பதில் ஆரம்பித்தது.

கிளட்சை மிதிக்கச் சொன்னேன். நிற்கவில்லை.
நியூட்ரலில் உருளவிட்டோம். நிற்கவில்லை.
ஆக்ஸிலேட்டரில் காலை எடு, கொடு, எடு, கொடு.
கிரௌன் என்றால் அங்கே குரல் மாறும்.
மாறவில்லை.

வெண்ணாற்றங்கரையில்
வலப்பக்கம் வளைந்தபோது ங தடித்தது,
இடப்பக்கம் வளைந்தபோது இளைத்தது.
சுமை சாயும் பக்கம்தான் முனகுது என்றேன்.
தவசீலன் யாருமில்லாத ரோட்டில் ஹாரன் அடித்தான்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இன்ஜின் அணைந்தது.
இறங்கி, தொட்டுக்கொண்டே போனேன்.
வலது பின் ஹப், காய்ச்சல் இல்லாத நெற்றி.
நடு உருண்டை, ஓடி வந்ததற்கு நியாயமான சூடு.
இடது பின் ஹப்பில் கை வைக்கவில்லை,
ஒரு சாண் தள்ளியே தெரிந்தது.
எச்சில் துப்பினேன், சொய்ங்.
டிரம் ஓரத்தில் எண்ணெய் கசிந்து
புழுதியைக் களியாகக் கிண்டி வைத்திருந்தது.

இரும்புக் குழாய்க்கு இப்படி ஒரு குணம்.
ஓரத்தில் நடப்பதை
நடுவில் நடப்பதாகச் சொல்லும்.

சக்கரத்தைக் கழற்றினால்
பேரிங் கத்தரிப்பூ நிறத்தில் வெந்திருந்தது.
உருளைகளில் அம்மைத் தழும்பு.
கிழிந்த சீல் வழியே எண்ணெய் இறங்கி
லைனிங் ஊறிப்போய்,
பிடிக்க மாட்டாமல் பிடித்துக் கத்தியிருக்கிறது.
பேரிங் இரண்டு, சீல் ஒன்று, லைனிங் ஒரு ஜோடி.
கிரௌனுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போ என்றேன்.

அவன் முகம் நிம்மதியாகவில்லை.
கேபினில் ஏறி, சீட்டுக்குப் பின்னாலிருந்து
மெழுகுத்தாள் சுற்றிய ஒன்றை
இரண்டு கையாலும் தூக்கி வந்து என் முன் வைத்தான்.
தஞ்சாவூரில் வாங்கிய கிரௌன் பினியன், புது செட்.
விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.
அடகுக்கடைச் சீட்டும் அதே பையில் இருந்தது,
ஒரு சங்கிலி, இரண்டேகால் பவுன், மாலதி என்ற பெயரில்.

"இதுதான்னு சொல்லியிருக்கலாம்லண்ணே."

பொய் சொல்லச் சொன்னானா
அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டானா
என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்த துணி கையைவிடக் கருப்பு.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன்.
ஓடுகிற வண்டியிலிருந்து
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறான்.
காற்று.
தவளைகள்.
எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன், முழுசாக.
அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாக ஒன்று,
வண்டியில் இருக்கிறதா
என் காதில் தங்கிவிட்டதா.

"கேக்குதாண்ணே?"

ஆக்ஸிலேட்டரில் காலை எடு என்றேன்.
எடுத்தான்.

குரல் மாறியது.